21 பெயர் மட்டும் போதாது

சிறுவர்களுக்கான படைவரலாற்று நூல்வரிசையின் பதிப்புக் குழுவினருக்கு,

36ஆம் சீக்கியப் படைப்பிரிவு பற்றிய புத்தகத்தின் கடைசிப் பிரதியைப் படித்தேன். நான் சரிபார்த்துக் கொடுத்த 7 அத்தியாயங்களில் 3 அதில் இல்லை. ஆள் சேர்ப்பு இல்லை, மெசபடோமியா (இன்றைய ஈராக்) இல்லை, அங்கே இறந்தவர்களுக்கான பாஸ்ரா நினைவுச்சின்னம் இல்லை. அந்த இடத்தில், 1897இல் அந்தப் படைப்பிரிவின் 21 பேர் மடிந்த சாராகர்ஹி சண்டைக்குப் பக்கம் பக்கமாக வண்ணப்படம் சேர்த்திருக்கிறீர்கள். "வாசகர்களுக்குத் தெரிந்தது சாராகர்ஹிதான், மற்றது பிள்ளைகளைக் குழப்பும்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. இதைப் பற்றி உங்களுக்குத் தனியாக இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் சொல்லியாக வேண்டும் என்பதால் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டென்டாக 20 ஆண்டு வேலை பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அதில் 3 ஆண்டு ஒரு சீக்கிய பட்டாலியனோடு என்னை இணைத்திருந்தார்கள். பட்டாலியனின் சிறு மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் கால் கொப்புளத்துக்கு மருந்து போடுகிற என்னையும் அந்த ஜவான்கள் 'டாக்டர் சாப்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் மாதம் அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. லங்கர் என்ற பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டே பஞ்சாபி கற்றுக்கொண்டேன்.

சாராகர்ஹி நாளான செப்டம்பர் 12 நெருங்கினால் பட்டாலியனின் முகமே மாறிவிடும். இரண்டு நாள் முன்பே குருத்வாராவில் அகண்ட பாத் தொடங்கிவிடும், 48 மணி நேரம் நிற்காமல் சீக்கியரின் புனித நூலான கிரந்தத்தை வாசிப்பார்கள். அது முடிந்த பிறகு, குருத்வாராவின் பூசகரான கிரந்தி எழுந்து நின்று 21 பெயரைச் சொல்வார். ஹவில்தார் ஈஷர் சிங்கில் தொடங்கி ஒவ்வொரு பெயராக, அவசரமே இல்லாமல் சொல்வார். பிறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான ஆட்களின் பெயரைக் கேட்டு, இருபது வயதுப் பையன்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெயருக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை நான் கற்றது அங்கேதான். அதனால் சாராகர்ஹியைக் குறைக்கச் சொல்கிறேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சாராகர்ஹி உண்மையிலேயே பெரிய சம்பவம். 1897இல், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் உள்ள சமானா மலைத்தொடரில் லாக்ஹார்ட், குலிஸ்தான் என்று இரண்டு கோட்டைகள் இருந்தன. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாது. நடுவில் சாராகர்ஹி என்ற சிறிய காவல் நிலையத்தை வைத்து, கண்ணாடியில் வெயிலைப் பிரதிபலித்துச் செய்தி அனுப்பும் ஹீலியோகிராஃப் வழியாக இரண்டையும் இணைத்தார்கள். அங்கே இருந்தது 36ஆம் சீக்கியரின் 21 பேர். ஓரக்ஸாய், அஃப்ரிதி பழங்குடிகள் ஆயிரக்கணக்கில் சூழ்ந்தபோது காலையிலிருந்து பிற்பகல் வரை தாக்குப்பிடித்தார்கள். சிப்பாய் குர்முக் சிங் கடைசிவரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கியை எடுக்க அனுமதி கேட்டு, ஹீலியோகிராஃபை அதன் தோல் உறையில் பத்திரமாக வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனார். 21 பேரும் மாண்டார்கள். 21 பேருக்கும் இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இந்தியச் சிப்பாய்க்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த வீர விருது அதுதான். விக்டோரியா கிராஸுக்கு இந்தியர்களுக்குத் தகுதி உண்டு என்று ஏற்றுக்கொண்டதே 1911இல்தான்.

இவ்வளவும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து வந்திருக்கும் சில விஷயங்களுக்கு ஆதாரமே இல்லை. உலகின் கூட்டு வீரச் சம்பவங்களின் பட்டியலில் யுனெஸ்கோ இதைச் சேர்த்திருக்கிறது என்று பின்னட்டையில் போட்டிருக்கிறீர்கள். யுனெஸ்கோ அப்படி ஒரு பட்டியல் வெளியிட்டதற்கு ஒரே ஒரு ஆவணம் காட்டுங்கள் என்று கேட்டேன். இன்றுவரை யாரும் காட்டவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பிள்ளைகளின் புத்தகத்தில் ஏற்றக்கூடாது. '10,000 பேர்' என்பதும் மதிப்பீடுதான், யாரும் நின்று எண்ணவில்லை. அப்புறம், அந்த நிலையத்தில் 22ஆவது ஆளாக ஒரு பணியாளும் இருந்தார். தாத் என்று அவர் பெயர் சொல்லப்படுகிறது. அவரும் அங்கேயே இறந்தார். விருதுப் பட்டியலில் அவர் இல்லை, உங்கள் படங்களிலும் இல்லை. எதிரில் வந்தவர்கள் யார், ஏன் வந்தார்கள் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். தங்கள் மலைமேல் அந்நியர் கோட்டை கட்டியதை எதிர்த்து வந்தவர்கள் அவர்கள். அதைச் சொல்வதால் ஈஷர் சிங்கின் வீரம் குறைந்துவிடாது.

சரி, நீக்கிய பகுதிக்கு வருகிறேன்.

அதே 36ஆம் சீக்கியப் படைப்பிரிவு, சாராகர்ஹிக்கு 20 ஆண்டு கழித்து, முதல் உலகப் போரில், 1917 பிப்ரவரி 1ஆம் தேதி மெசபடோமியாவில் நின்றது. கூத் நகரத்துக்கு எதிரே டைக்ரிஸிலிருந்து ஹை ஆறு பிரிகிற இடம் அது. அதற்கு முந்தைய ஆண்டு, 1916 ஏப்ரல் 29 அன்று, கூத்தில் முற்றுகையிடப்பட்டிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை துருக்கியரிடம் சரணடைந்திருந்தது. அந்த அவமானத்தைத் துடைக்க ஜெனரல் மாட் புதிய படையோடு டைக்ரிஸ் வழியே மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஹை ஆற்றங்கரையில் துருக்கியர் அகழிகளை அடுக்கடுக்காக வெட்டி வைத்திருந்தார்கள். மறைவுக்கு மேடோ மரமோ இல்லாத சமவெளி. 36ஆம் சீக்கியரும் 45ஆம் சீக்கியரும் அந்த வெட்டவெளியில் நடந்து போய் அகழிகளைப் பிடித்தார்கள். துருக்கியர் திருப்பித் தாக்கினார்கள். அன்றைய நாள் முடிவதற்குள் இரண்டு பட்டாலியன்களும் ஏறக்குறைய அழிந்தே போயின. 21இன் மடங்குகளில் எண்ண வேண்டிய சாவு அது. அதே அகழிகளை வேறு படைகள் போய்ப் பிடித்தன, மார்ச் 11 அன்று பாக்தாத் விழுந்தது. வெற்றிச் செய்தி லண்டனுக்குப் போனது. பிப்ரவரி 1 யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

"அதில் கதை இல்லை" என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். அவருக்கு நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

1996இல் அந்தப் பட்டாலியனில் எனக்கு மிக நெருங்கிய நண்பர் ஒருவர் லீவுக்குப் போகும்போது என்னையும் தன் ஊருக்கு அழைத்துப் போனார். மோகா மாவட்டத்தில் ஒரு கிராமம். வீட்டில் அவருடைய அப்பாவின் அம்மா இருந்தார். அந்த வீட்டில் எல்லோரும் அவரை 'பேபே' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மதராஸிலிருந்து வந்தவன் பஞ்சாபி பேசுகிறான் என்று அந்தம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. சர்சோன் என்ற கடுகுக் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் வைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வெண்ணெய் அள்ளிப் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் இரும்புப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒரு வெண்கலத் தட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

முதல் உலகப் போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் என்று பிரிட்டிஷ் அரசு வார்த்த நினைவுத் தகடு அது. உள்ளங்கையை நிறைக்கும், 12 சென்டிமீட்டர் அகலம். பிரிட்டானியா என்ற பெண்ணுருவம், அவள் முன்னால் ஒரு சிங்கம், ஓரத்தைச் சுற்றி 'சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் உயிர் தந்தார்' என்று பொருள்படும் ஆங்கில வரி. சிறிய செவ்வகத்தில் இறந்தவரின் பெயர், பதவி எதுவும் போடாமல் பெயர் மட்டும். சாவில் எல்லோரும் சமம் என்பதற்காகப் பதவியை விட்டுவிட்டார்களாம். அந்தப் பெயர் பேபேயின் மாமனாருடையது. அவர் 36ஆம் சீக்கியப் படைப்பிரிவில் சிப்பாய். பேபே அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்குப் பல ஆண்டு முன்பே போனவர், திரும்பவில்லை. எங்கே இறந்தார் என்று வீட்டில் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான்: 'பஸ்ரா'. மாமியார் சாகும்வரை அந்தத் தகட்டைத் தினமும் துடைத்து வைத்ததாகச் சொன்னார்.

அப்புறம் என்னிடம் கேட்டார்: "நீ படித்தவன், சொல். இவர் எங்கே கிடக்கிறார்? எங்காவது கல் வைத்திருக்கிறார்களா?"

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நான் விசாரித்து முடிப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

என்ன தெரிந்தது என்பதைத்தான் நீங்கள் நீக்கிய அத்தியாயத்தில் சேர்த்துக் கொடுத்திருந்தேன். மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அடையாளம் தெரியாத 40,000க்கு மேற்பட்டவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். முதலில் ஷத் அல் அரப் ஆற்றங்கரையில் இருந்தது. 1997இல் சதாம் உசேன் ஆணையின்படி அதைப் பிரித்து, நாசிரியா சாலையில் பாலைவனத்துக்கு மாற்றினார்கள். அதன் கல் பலகைகளில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயர் உண்டு, சாதாரண பிரிட்டிஷ் சிப்பாயின் பெயரும் உண்டு, இந்திய அதிகாரிகளின் பெயரும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் பெயர் இல்லை. படைப்பிரிவின் பெயர், அதன் கீழே இத்தனை பேர் என்று ஒரு எண், அவ்வளவுதான். பேபேயின் மாமனார் அந்த எண்ணுக்குள் ஒருவர். வீட்டுக்கு அனுப்பிய தகட்டில் சாவில் எல்லோரும் சமம், பாஸ்ராவில் நட்ட கல்லில் அது இல்லை.

இது என் மனக்குறை மட்டுமில்லை. இந்த நினைவுச்சின்னங்களுக்குப் பொறுப்பான காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021இல் இதைப் பற்றி ஒரு குழு அறிக்கை வெளியிட்டு, மன்னிப்பும் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 45,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை, இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே எங்கும் இல்லாமல் போயிருக்கலாம் என்று அந்த அறிக்கை ஒப்புக்கொள்கிறது. தவறு செய்தவர்களே 100 ஆண்டு கழித்துத் திருத்தப் பார்க்கும் நேரத்தில், நாம் புதிதாக அச்சிடும் தமிழ்ப் புத்தகத்தில் அதே ஆட்களை மறுபடியும் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையும் அதே மெசபடோமியாவில் இருந்தது. பாஸ்ராக் கல்லில் பெயர் இல்லாமல் எண்ணாகிப் போனவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத ஊர்க் கதை இல்லை.

ஆள் சேர்ப்பு அத்தியாயத்தை ஏன் எடுத்தீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. அது சங்கடமானது. அதற்குப் பதிலாக 'ராணியின்மேல் வைத்த விசுவாசத்தால் சீக்கியர்கள் போரிட்டார்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என்னோடு வேலை பார்த்த எந்தச் சீக்கியரும் தன் முன்னோரைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் சொன்ன சொல் இரண்டு: இஸ்ஸத், நமக். மானம், உப்பு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு அது புரியாததா? அந்த உப்பு மாதம் 11 ரூபாய். 1914இல் ஒரு சிப்பாயின் சம்பளம் அதுதான். பிரிக்க பிரிக்கச் சிறுத்துக்கொண்டே போன நிலத்தில், பல அண்ணன் தம்பிகளில் ஒருவன் படைக்குப் போனால்தான் கடன் அடையும் என்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

பிரிட்டிஷார் அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1846இல் முதல் சீக்கியப் போர் முடிந்த கையோடு, தோற்ற சீக்கிய அரசின் கால்சா படை ஆட்களிலிருந்தே ஃபெரோஸ்பூரிலும் லூதியானாவிலும் இரண்டு படைப்பிரிவுகளைத் தொடங்கினார்கள். நேற்றைய எதிரி இன்றைய சிப்பாய். பிறகு 'போர்க்குடி' என்று ஒரு கணக்குப் போட்டு, யார் வீரர், யார் இல்லை என்று சாதி பார்த்துப் பிரித்தார்கள். 1887இல் ஜலந்தரில் தொடங்கிய 36ஆம் படைப்பிரிவு உழவர் சாதியான ஜாட் சீக்கியருக்கானது. ஒடுக்கப்பட்ட மஸபி சீக்கியருக்கு அதில் இடமில்லை. அவர்களைப் பயோனியர் படைகளில் மண்வெட்டியும் துப்பாக்கியும் கொடுத்துத் தனியாக வைத்தார்கள், 1933இல் அந்தப் படைகளையும் கலைத்துவிட்டார்கள். அடுத்த போரில் ஆள் தேவைப்பட்டபோது, 1941இல் மறுபடியும் கூப்பிட்டார்கள்.

விசுவாசம் என்ற ஒரு சொல்லில் இதெல்லாம் அடங்காது. 1914 செப்டம்பரின் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15ஆம், 47ஆம் சீக்கியப் படைப்பிரிவுகள் இடம்பெற்ற லாகூர் டிவிஷன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்குகிறது. தெருவெல்லாம் மக்கள் கூடி வரவேற்கிறார்கள். அதே வாரம் 29ஆம் தேதி, கனடாவுக்குள் விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட கோமகாட்டா மாரு கப்பலின் சீக்கியப் பயணிகளைக் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் அதே அரசு சுடுகிறது. போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக். இதைப் படித்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்கிறீர்கள். கொஞ்சம் குழம்பட்டும். 12 வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நான் நம்பவில்லை. என் பேத்தியிடம் பாஸ்ராக் கல்லைப் பற்றிச் சொன்னபோது, அவள் கேட்ட முதல் கேள்வி: "பெயர் எழுத இடம் இல்லையா தாத்தா?"

இடம் இருந்தது. பெயர்களும் இருந்தன. பதிவேடுகளில் வைத்துக்கொண்டார்கள், கல்லில் எழுதவில்லை. இன்று போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவுகளில் 36ஆம் சீக்கியரின் பெயர்களைத் தேடி எடுக்க முடிகிறது. அப்பா பெயர், ஊர், மாவட்டம்கூடப் பலருக்கு இருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் போர்ப் பதிவேடுகளையும் 2021 முதல் கணினியில் ஏற்றி வருகிறார்கள். பேபேயின் மாமனாரை நான் கண்டுபிடித்தது இப்படித்தான். நண்பருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, மறுபடி ஒரு தடவை வாசி என்றார்.

என் கோரிக்கைகளை நேராகவே வைக்கிறேன்.

நீக்கிய 3 அத்தியாயங்களையும் திரும்பச் சேருங்கள். பக்கம் போதவில்லை என்றால் சுருக்குங்கள், நானே உட்கார்ந்து சுருக்கித் தருகிறேன். ஆனால் 1917 பிப்ரவரி 1 அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும். யுனெஸ்கோ வரியைப் பின்னட்டையிலிருந்து எடுங்கள். 10,000 என்ற எண்ணை 'மதிப்பீடு' என்று குறிப்பிடுங்கள். 22ஆவது ஆளைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதி, படத்திலும் அவரை வரையச் சொல்லுங்கள். 'ராணியின்மேல் விசுவாசம்' என்ற வரியை நீக்கி, சம்பளம், நிலம், மானம், சாதி என்று உண்மையான காரணங்களை எழுதுங்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. ஹை ஆற்றங்கரையில் அன்று இறந்த 36ஆம் சீக்கியர்களின் பெயர்களைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள். பதிவேட்டிலிருந்து எடுத்து, பஞ்சாபி உச்சரிப்பு பார்த்து, தமிழில் எழுதித் தர நான் தயார். ஏற்கெனவே பாதி எழுதி வைத்திருக்கிறேன். இதற்கு ஒரு பைசா வேண்டாம்.

இந்த மாத இறுதிக்குள் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். இவற்றில் எதையும் செய்ய முடியாது என்றால், சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள்.